யார் பெரிய ராப்பர்? ஐம்பது வருடச் சண்டையின் முன்கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, நண்பன் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் நாலு பேர். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஹிப் ஹாப்பில் வந்து நின்றது. ஒருவன் டுபாக் என்றான். இன்னொருவன் எமினெம், அதற்கு மேல் பேச்சே இல்லை என்றான். எங்களில் இளையவன் கென்ட்ரிக் லமாரைத் தவிர யாரையும் ஏற்க மாட்டான். நான் நாஸ் கட்சி. பதினொரு மணிக்குத் தொடங்கியது, இரண்டு மணிக்குக் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்து, "தம்பிகளா, விடியப் போகுது" என்று சொல்லும்வரை ஓயவில்லை.

இப்படிச் சண்டை போடுவது நமக்குப் புதிதில்லை. ராஜாவா ரஹ்மானா என்று ஆரம்பித்துப் பாதி இரவைத் தொலைத்த அனுபவம் பலருக்கும் இருக்கும். ஆனால் அங்கே சண்டை போடுவது ரசிகர்கள். இசையமைத்தவர்கள் ஒதுங்கியே இருப்பார்கள். ஹிப் ஹாப்பில் சண்டையைத் தொடங்கி வைப்பதே பாடுகிறவர்கள்தான். 'உன்னைவிட நான் பெரியவன்' என்பது அங்கே வாய்த்துடுக்கு இல்லை, பாதிப் பாட்டுகளுக்குப் பாடுபொருளே அதுதான்.

1997-ல் வந்த ஒரு பாட்டில் ஜே-ஸீ தான் வளர்ந்த புரூக்ளின் பேட்டையை வர்ணிக்கிறார். அங்கே பொழுதன்றைக்கும் ஆட்கள் நின்று, பிக்கியா ஜே-ஸீயா நாஸா, யார் சிறந்த எம்சி என்று வாதாடிக்கொண்டிருப்பார்களாம். (எம்சி என்பது ராப் பாடுகிறவருக்கு இருக்கும் பழைய பெயர்.) பிக்கி அந்த வருடம் மார்ச்சில்தான் 24 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாஸ் 1994-லேயே 'இல்மாட்டிக்' ஆல்பத்தைக் கொடுத்துவிட்டவர். ஜே-ஸீக்கோ அது இரண்டாவது ஆல்பம். யாரும் கூப்பிடும் முன்பே பந்தியில் தானே இலை போட்டு உட்கார்ந்த கதை. நாலைந்து வருடத்தில் அந்த இலைக்குச் சோறும் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இது எங்கிருந்து வந்தது? 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும் என்று சின்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு போட்டது அவருடைய அண்ணன் கிளைவ், ஊர் அறிந்த பெயரில் டிஜே கூல் ஹெர்க். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று இந்தத் தேதியைத்தான் கொண்டாடுகிறார்கள். நாஸ் பிறந்தது சரியாக அதற்கடுத்த மாதம். இதை நான் அன்றைக்கு மொட்டை மாடியில் ஒரு வாதமாகவே வைத்தேன், எடுபடவில்லை.

ஹெர்க் ஜமைக்காவில் பிறந்து 12 வயதில் நியூயார்க் வந்தவர். ஜமைக்காவில் தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு போடும் குழுக்கள் ஒன்றோடொன்று மோதும். யாரிடம் சத்தம் அதிகம், யாரிடம் மற்றவனிடம் இல்லாத தட்டு இருக்கிறது என்பதுதான் போட்டி. அந்தக் குணத்தை ஹெர்க் அப்படியே பிராங்ஸுக்குக் கொண்டுவந்தார். எந்தத் தட்டைப் போடுகிறோம் என்று எதிராளி எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று, தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம். ஆக, ஜெயிப்பது தோற்பது என்ற பேச்சு இந்த இசைக்குப் பின்னால் ஒட்ட வைத்ததில்லை, பிறக்கும்போதே கூட வந்தது.

அப்போதெல்லாம் ராஜா டிஜேதான். மைக் பிடிப்பவர் அவர் புகழ் பாடி, கூட்டத்தைக் கை தட்ட வைக்கும் துணை ஆள். மைக் பிடித்தவர் முன்னுக்கு வந்த பிறகுதான் நாம் இன்று போடும் சண்டை தொடங்குகிறது.

அதற்கு ஒரு இரவைக் காட்டச் சொன்னால் நான் 1981 டிசம்பரைக் காட்டுவேன். ஹார்லம் வேர்ல்ட் என்ற கிளப்பில் கிறிஸ்துமஸை ஒட்டி ராப் போட்டி. பிஸி பீ என்பவர் அன்றைய கூட்டத்தின் செல்லப்பிள்ளை. அவர் பெரிதாக எதையும் எழுதி வருவதில்லை. ஒரு குரல் கொடுப்பார், கூட்டம் திருப்பிக் கொடுக்கும், மண்டபம் அதிரும். என்னை ஜெயிக்க யார் இருக்கிறார்கள் என்று மேடையில் சவால் விட்டார். டிரெச்சரஸ் த்ரீ குழுவைச் சேர்ந்த கூல் மோ டீக்கு அது பொறுக்கவில்லை. மேடையேறி, பிஸி பீயின் பாணியையே எடுத்துக் கிழித்தார். இந்தக் குட்டிக் குட்டிக் கூச்சல் எல்லாம் ராப்பா, நீ சொல்லும் அடிகள் உன் சொந்தச் சரக்கா என்று கேட்டார். ஒவ்வொரு அடியும் முன்பே கூர் தீட்டி வைத்தது போல விழுந்தது. கேசட்டில் பதிவாகி நியூயார்க் முழுக்க அது கை மாறியது. அந்தக் கேசட்டைக் கேட்டு வளர்ந்த பையன்கள், கூட்டத்தைக் குதிக்க வைத்தால் மட்டும் போதாது, எழுதத் தெரிய வேண்டும் என்று முடிவு கட்டினார்கள்.

நம் ஊர் லாவணிக் கச்சேரியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சி. ஒரு பாட்டுக்கு மறுபாட்டு. ஜெயிப்பது யார் என்று சபை சொல்லும். ஆனால் சபை கை தட்டியது கருத்துக்கா, குரலுக்கா, எதிராளியைக் கிண்டலடித்ததற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதே ஹார்லம் வேர்ல்டில் அதே வருடம் ஜூலையில் இன்னொரு போட்டி. கோல்ட் கிரஷ் பிரதர்ஸும் ஃபென்டாஸ்டிக் குழுவும் மோதினார்கள். ஜெயிப்பவருக்கு 1000 டாலர். கூட்டத்தின் கைதட்டலில் ஃபென்டாஸ்டிக் ஜெயித்தது. ஆனால் கேசட்டில் கேட்டவர்களுக்கு ஆட்டமும் உடுப்பும் தெரியாதல்லவா? அவர்களில் பலர் கோல்ட் கிரஷ்தான் ஜெயித்திருக்க வேண்டும் என்றார்கள். மேடையில் தோற்றவர்கள் ஒலிநாடாவில் ஜெயித்தார்கள். நேரில் பார்த்தவனும் ரெக்கார்டில் கேட்டவனும் ஒத்துப்போகாத வாதம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

'சொந்தச் சரக்கா' என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. ராப்பை உலகத்துக்கு முதலில் கொண்டுபோன பாட்டு 1979-ல் வந்த சுகர்ஹில் கேங்கின் 'ராப்பர்ஸ் டிலைட்'. அதில் பாடிய பிக் பேங்க் ஹேங்க் நியூ ஜெர்சியில் ஒரு பீட்ஸா கடையில் வேலை பார்த்தவர். கோல்ட் கிரஷ் குழுவின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதி வைத்திருந்த நோட்டை வாங்கிப்போய் அதிலிருந்த வரிகளை அப்படியே பாடிவிட்டார். எவ்வளவு அப்படியே என்றால், கேஸ் தன்னுடைய பழைய மேடைப் பெயரான கேஸனோவா ஃப்ளை என்பதை எழுத்துக்கூட்டிச் சொல்லும் அடியையும் மாற்றாமல் பாடிவிட்டார். பரீட்சையில் காப்பியடித்தவன் பக்கத்துப் பையனின் பெயரையும் சேர்த்து எழுதின மாதிரி. பாட்டு உலகம் சுற்றியது. கேஸுக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. தன் வரியைத் தானே எழுதாதவன் எம்சியே இல்லை என்ற பிடிவாதம் இன்றுவரை இருப்பதற்கு இது ஒரு காரணம். 2015-ல் மீக் மில் என்ற ராப்பர், இன்னொரு ராப்பரான டிரேக்குக்கு வேறொருவர் எழுதிக் கொடுக்கிறார் என்று குற்றம் சாட்டியபோது, சாதாரணப் பாட்டு உலகில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம் அங்கே மானப் பிரச்சினையானது.

அப்புறம் எழுத்தின் நுட்பம். பள்ளிக்கூடத்தில் படித்த எதுகை, மோனை, இயைபு நினைவிருக்கிறதா? ஆரம்பகால ராப் பெரும்பாலும் இயைபு. அடியின் கடைசியில் ஒலி ஒத்துப்போகும், அடி அங்கே நின்றுவிடும், கேட்பவனுக்கு அடுத்தது எங்கே விழும் என்று முன்பே தெரியும். 1987-ல் எரிக் பி, ராகிம் இருவரின் 'பெய்ட் இன் ஃபுல்' வந்தபோது அது மாறியது. ராகிம் சின்ன வயதில் சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். ஒலி ஒப்புமையை அடியின் நடுவுக்கு இழுத்தார், ஒரு அடியை முடிக்காமல் அடுத்த அடிக்குள் வழியவிட்டார், கத்தாமல் தணிந்த குரலில் சொன்னார். நாஸ், எமினெம், கென்ட்ரிக் யாரை எடுத்தாலும் அந்தக் கிணற்றில் தண்ணீர் மொண்டவர்கள்தான். நான் மட்டும் தனியாகப் பட்டியல் போட்டால் முதல் பெயர் ராகிம். ஆனால் நண்பர்களோடு பேசும்போது நாஸ் என்பேன், ஏனென்றால் ராகிம் என்றால் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

அதே 1987-ல் கூல் மோ டீ மறுபடியும் வருகிறார். அவருடைய ஆல்பம் அட்டையில் ஒரு ஜீப், அதன் சக்கரத்தடியில் நசுங்கிய சிவப்புத் தொப்பி. அது அன்றைய இன்னொரு பெரிய ராப்பர் எல்எல் கூல் ஜேயின் அடையாளத் தொப்பி. அதோடு விடவில்லை. ஆல்பத்தோடு பள்ளிக்கூட ரேங்க் கார்டு போல ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார். சொல்வளம், உச்சரிப்பு, புதுமை, குரல், மேடை ஆளுமை என்று வரிசையாகத் தலைப்புகள், சக ராப்பர்களுக்கு மதிப்பெண்கள். தனக்கு ஏ பிளஸ். எல்எல்லுக்கு பி. இன்று நாம் ஃபோனில் போட்டுக்கொள்ளும் முதல் ஐந்து பேர் பட்டியல்களுக்கெல்லாம் இந்த ரேங்க் கார்டுதான் தாத்தா. எல்எல் சும்மா இருப்பாரா? பதிலுக்குப் பதில் பாடினார். 2000-ல் தன் ஆல்பத்துக்கே 'எக்காலத்திலும் தலைசிறந்தவன்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கோட்' என்று பெயர் வைத்தார். முகமது அலியைச் சுற்றி ஏற்கெனவே இருந்த சொல்தான் அது. அலியும் எதிராளி எந்த ரவுண்டில் விழுவான் என்பதை எதுகை வைத்துச் சொன்னவர்தானே.

ஊர்ப்பற்று இல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. எண்பதுகளின் நடுவில் ஹிப் ஹாப் பிறந்தது பிராங்ஸிலா குயின்ஸ்பிரிட்ஜிலா என்று கேஆர்எஸ்-ஒன்னும் எம்சி ஷானும் மோதிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே நகரத்துக்குள்தான். அதைவிட எனக்குப் பிடித்தது 1995 ஆகஸ்ட். 'தி சோர்ஸ்' பத்திரிகையின் விருது விழா, நியூயார்க்கில். ஆல்பங்களுக்கு ஐந்து மைக் வரை மதிப்பெண் போடும் அந்தப் பத்திரிகைக்கு அன்று ஹிப் ஹாப் உலகில் வேதவாக்கு மாதிரி ஒரு மதிப்பு. 'இல்மாட்டிக்' ஐந்து மைக் வாங்கியதை நான் இன்னமும் சொல்லிக்காட்டுவேன். அந்த விழாவில் சிறந்த புதுக் குழு என்ற விருது அட்லாண்டாவின் அவுட்காஸ்டுக்குப் போனது. அரங்கமே ஊளையிட்டது. கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நடுவே தெற்கிலிருந்து யார் இவன்? மைக்கைப் பிடித்த இளைஞன் ஆந்த்ரே, தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். 2004-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அவுட்காஸ்டுக்குக் கிடைத்தது. ஊளையிட்டவர்களின் பிள்ளைகள் இன்று அட்லாண்டா பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள்.

எங்கள் வாதத்தில் டுபாக் கட்சிக்காரன் வைத்த வாதம் வேறு மாதிரி. எதுகை எண்ணுவதை விட்டுவிடு, கேட்டால் நெஞ்சில் தைக்கிறதா சொல் என்றான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன். டுபாக் 1996 செப்டம்பரில் 25 வயதில் கொல்லப்பட்டார். அவருக்கு நாற்பது வயது ஆகவே இல்லை, நாற்பது வயதில் ஒரு சொதப்பல் ஆல்பம் போடும் வாய்ப்பும் வரவில்லை. நாஸுக்கு அந்த வாய்ப்பு நிறையவே வந்தது, 1999-ல் 'நாஸ்ட்ராடமஸ்' என்று ஒன்று போட்டார், அதற்கு வக்காலத்து வாங்க நானே தயாரில்லை. ஆனால் 2020-ல் இருந்து மூன்றாண்டுகளில் ஆறு ஆல்பங்கள் போட்டு, முதல் கிராமியை 47 வயதில் வாங்கினார். ஒரே ஒரு உச்சத்தை எடைபோடுவதா, முழு வாழ்க்கையையும் போடுவதா? லாரின் ஹில்லை நினைத்துப் பாருங்கள். 1998-ல் தனியாக ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம். ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமியை ஹிப் ஹாப்புக்கு முதலில் வாங்கித் தந்தது அதுதான். அப்புறம் இன்றுவரை இரண்டாவது இல்லை.

லாரின் ஹில் பெயரை அன்றைக்கு நாங்கள் எடுத்ததே ஒரு மணிக்கு மேல்தான். பெண்களைக் கடைசியில் ஞாபகம் வைப்பதும் பழைய வழக்கம். ராக்ஸான் ஷான்டே 14 வயதில், 1984-ல், ஒரு ஆண் குழுவின் பாட்டுக்குப் பதில் பாட்டு பாடி நியூயார்க்கையே திரும்பிப் பார்க்க வைத்தவர். அடுத்த வருடம் நடந்த ஒரு பெரிய பேட்டிலில், அதாவது ராப் போட்டியில், இறுதிவரை வந்து, நாம் முன்பு பார்த்த அதே பிஸி பீயிடம் தோற்றார். ஒரு நடுவர் வேண்டுமென்றே அடிமட்ட மதிப்பெண் போட்டதாகவும், ஒரு சிறுமி ஜெயித்தால் இந்த இசையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம் என்றும் ஷான்டே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சரி, கணக்குப் போட்டுத் தீர்த்துவிடலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. 2014-ல் மாட் டேனியல்ஸ் என்பவர் ஒவ்வொரு ராப்பரின் முதல் 35,000 சொற்களை எடுத்து, திரும்ப வரும் சொல்லை ஒரு முறை மட்டும் சேர்த்து, அதில் தனித்தனிச் சொற்கள் எத்தனை என்று எண்ணினார். முதலிடம் ஏசாப் ராக், 7,392 சொற்கள். கடைசி இடம் டிஎம்எக்ஸ், 3,214. எமினெம் கட்சிக்காரன் இதை ஃபோனில் காட்டி, பார்த்தாயா, விஞ்ஞானம் என்றான். எனக்கு அது டிஎம்எக்ஸுக்குக் கிடைத்த பாராட்டாகத்தான் பட்டது. 1998-ல் ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பம் போட்டு, இரண்டும் வந்த வாரமே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அந்த உறுமலும், பாட்டுக்கு நடுவே திடீரென்று வரும் ஜெபமும் எந்த அகராதியில் இருக்கின்றன? பாதிச் சொற்களை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் கட்டிய ஆள். விற்பனைக் கணக்கு இதைவிட மோசம். அப்படிப் பார்த்தால் டிரேக்கோடு வாதம் முடிந்துவிடும். அப்படி முடித்துக்கொள்ள டிரேக்கின் ரசிகர்களே விரும்புவதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஜே-ஸீ, நாஸ் மோதலில் ஒரு வானொலி நிலையம் ஓட்டு எண்ணித் தீர்க்கக்கூட முயன்றது. 2001-ல் ஜே-ஸீ ஒரு பாட்டில் நாஸின் ஆல்பங்களை ஒவ்வொன்றாக எண்ணி மட்டம் தட்டினார். டிசம்பரில் நாஸ் 'ஈதர்' என்ற பாட்டால் திருப்பி அடித்தார். நியூயார்க்கின் ஹாட் 97 நேயர்களிடம் வாக்கு கேட்டபோது நாஸ் ஜெயித்தார். 'ஈதர்' என்ற சொல்லே, ஒருவரைப் பாட்டால் பொசுக்குவது என்ற பொருளில் வினைச்சொல்லாகிப் போனது. ஆனால் 2023-ல் ஹிப் ஹாப்பின் ஐம்பதாண்டை ஒட்டி பில்போர்டு, வைப் என்ற இரண்டு இசைப் பத்திரிகைகள் சேர்ந்து போட்ட 50 பேர் பட்டியலில் முதலிடம் ஜே-ஸீக்கு. கென்ட்ரிக் இரண்டு, நாஸ் மூன்று, டுபாக் நான்கு, எமினெம் ஐந்து. எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த நாலு பேருடைய ஆட்களும் வரிசையாக இரண்டிலிருந்து ஐந்துவரை. முதலிடத்தில் இருப்பவருக்கு எங்களில் ஒரு ஓட்டுகூட இல்லை.

பட்டியலில் இல்லாத ஒரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். 2009 பிப்ரவரி கிராமி மேடையில் ஜே-ஸீ, லில் வெய்ன், கான்யே வெஸ்ட், டி.ஐ. நால்வரும் சேர்ந்து ஒரு பாட்டு. அந்தப் பாட்டு எழும்பி நிற்பது ஒரு பெண் குரலின் துண்டில். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ., நிறைமாதக் கர்ப்பிணியாக அவர்கள் நடுவே மேடையில் நின்றார். யார் பெரியவர் என்று உலகம் அடித்துக்கொள்ளும் நாலு ஆண்கள், நடுவில் அவர். எங்கள் பக்கத்து ஆள் என்பதால் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்.

கென்ட்ரிக் விஷயத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் இளையவன் கோபித்துக்கொள்வான். 2013-ல் பிக் ஷானின் ஒரு பாட்டில் விருந்தினராக வந்து, தன் தலைமுறையின் 11 ராப்பர்களைப் பெயர் சொல்லி, உங்கள் எல்லோரையும் முடிக்கப் போகிறேன் என்றார். அழைத்த பிக் ஷானின் பெயரும் அதில் ஒன்று. 2018-ல் இசைக்கான புலிட்சர் பரிசு. அதுவரை கிளாசிக்கல், ஜாஸ் இசைக்கு வெளியே யாருக்கும் போகாதது. 2023-ல் ஜே. கோல் ஒரு பாட்டில் தன்னையும் டிரேக்கையும் கென்ட்ரிக்கையும் மும்மூர்த்திகள் மாதிரி வரிசைப்படுத்தினார். கென்ட்ரிக்குக்கு அந்த மரியாதையே அவமானமாகப் பட்டது. 2024 மார்ச்சில், மூன்று பேர் எல்லாம் இல்லை, நான் ஒருவன்தான் என்று பதில் வந்தது. ஜே. கோல் எதிர்ப்பாட்டு போட்டுவிட்டுச் சில நாளில் மேடையிலேயே வருத்தம் தெரிவித்து விலகினார். டிரேக் செயற்கை நுண்ணறிவால் டுபாக்கின் குரலைச் செய்து ஒரு பாட்டில் பயன்படுத்தி, டுபாக்கின் சொத்துரிமையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எச்சரித்ததும் எடுத்தார். மே மாதம் டிரேக்கைக் குறிவைத்துக் கென்ட்ரிக்கின் 'நாட் லைக் அஸ்' வந்தது.

அந்தப் பாட்டில் கூல் மோ டீயும் பிஸி பீயும் ஒன்றாக இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். குற்றச்சாட்டுகளோ மிகக் கடுமையானவை, திட்டமிட்டு எழுதியவை. பீட்டோ கல்யாண வீட்டில்கூடப் போடலாம். ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் நடந்த கச்சேரியில் அதை அடுத்தடுத்து ஐந்து முறை பாடினார், ஐந்து முறையும் கூட்டமே பாடியது. 2025 பிப்ரவரியில் ஐந்து கிராமி, அடுத்த வாரம் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் மேடை. டிரேக் தங்கள் இருவருக்கும் பொதுவான யுனிவர்சல் நிறுவனத்தின் மீது அவதூறு வழக்குப் போட்டார். அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பேட்டில் பாட்டில் வரும் வசையைக் கேட்பவர் அதைக் கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார், உண்மைத் தகவலாக இல்லை என்றது. ஹார்லம் வேர்ல்டில் நின்ற எவரும் வழக்கறிஞர் இல்லாமலே இதைச் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்குக் கீழ்வீட்டு அம்மா போன பிறகு, மாடிப்படி இறங்கும்போது எமினெம் கட்சிக்காரனிடம் ஒன்றைக் கேட்டேன். 2002-ல் எமினெம் ஒரு பாட்டில் தனக்குப் பிடித்த ராப்பர்களை வரிசையாகச் சொல்கிறாரே, அதில் அவர் தன்னை எத்தனையாவது இடத்தில் வைத்திருக்கிறார் தெரியுமா? அவனுக்குத் தெரியும். ஒன்பது. ஜே-ஸீ, டுபாக், பிக்கி, ஆந்த்ரே, கடைசியில் நாஸ், அதற்கும் பிறகுதான் அவர். "அது தன்னடக்கம்டா" என்றான், வண்டியை உதைத்துக்கொண்டே. சரி, முதல் பெயர் யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். ரெட்மேன். மூன்று மணி நேரத்தில் அந்தப் பெயரை எங்களில் ஒருவர்கூட எடுக்கவில்லை.